சேர்க்கைப் பதிவேடும் ஒரு பிரதிதான்

கதையையும் கவிதையையும் மட்டும்தான் விமர்சிக்கணுமா? பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை எழுதியது அரசு, எழுதப்பட்டவர்கள் நாம்.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. கரும்பலகை மூலையில் ‘பதிவு’, ‘வருகை’ என்று இரண்டு எண்கள். பதிவேட்டில் பி.வ., மி.பி.வ., ஆதிதிராவிடர், பழங்குடி என்று கட்டங்கள். காலையில் தனியார் பள்ளி வேன் ஊர்த்தெருவில் நிற்கும், காலனிக்குள் வராது. ஊர்ப்பிள்ளைகள் குறையக் குறைய, ‘அது காலனிப் பள்ளிக்கூடம்பா’ என்ற பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சே மிச்சமிருக்கிற பிள்ளைகளையும் கிளப்புகிறது. கடைசியில் கோப்பில் ‘எண்ணிக்கை குறைவு’ என்று மட்டும் ஏறும். சாதி என்ற காரணம் ஏறாது.

இது புதுசு இல்லை. பொதுப்பள்ளியில் நம்ம பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால்தான் 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் தனிப்பள்ளி திறந்தது. ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளின் வேர் அதுதான். பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. ஆனால் பலகையை மாற்றினால் வேன் நிற்கிற இடம் மாறிவிடுமா?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கணும். இதைக் காட்டியே வேன்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள்.

அந்தப் பதிவேட்டில் பழங்குடிக் கட்டம் காலி. ஏரிக்கரையில் இருளர் குடிசைகள் இருக்கின்றன. தாய்தகப்பன் சூளைக்கும் மரம் வெட்டவும் போகும்போது பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். இருளர் பிள்ளைக்குச் சாதிச் சான்று கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் முன்னின்று கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அதற்காகப் பல காலம் போராடியிருக்கிறது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கை மறுக்கக் கூடாது என்று அதே 2009 சட்டம் சொல்கிறது. அந்தக் குடிசைகளில் போய் இதைச் சொன்னது யார்?

நாங்களும் சொல்லவில்லை. கணக்கெடுக்கப் போனபோது காலனியோடு திரும்பிவிட்டோம். வழியில் ஒரு இருளர் அம்மா கேட்டார்: “எங்க புள்ளைங்கள எந்தக் கட்டத்துல போடுவீங்க சார்?” பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எம்.ஏ. தமிழ் படித்த என் பிள்ளையும் வேனில்தான் போகிறான். அந்தப் பள்ளியின் எண்ணிக்கையில் நானும் ஒன்றைக் குறைத்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் அரசை மட்டும் விமர்சித்தால் அது பாதி விமர்சனம்.

அடுத்த சேர்க்கை தொடங்கும்போது, தோழர்களே, ஏரிக்கரையிலிருந்து ஆரம்பிப்போம்.