குலையும் தாரும்: விடியமுன் சைக்கிள் ஓடுகிறவர்கள்

திருவையாற்றுக்கு ஆராதனை கேட்கப் போயிருந்தேன். நான் தங்கிய வீட்டுக்காரர் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். ஒருநாள் விடியப்புறம் அவருடைய தோட்டத்து ஆள் ஒருவர் தஞ்சாவூர்ச் சாலையில் சைக்கிளோடு விழுந்து, வீங்கிய முழங்கையோடு வந்து நின்றார். எங்களூரிலும் இப்படி விழுந்தெழும்புகிறவர்கள் நிறைய என்று நான் சொல்லத் தொடங்க, வீட்டுக்காரர் மறித்தார். "உங்க ஊர்ல விழுந்தா முட்டி சிராய்க்கும், அவ்வளவுதாங்க. எங்க ரோட்டுல விழுந்தா ஆளே இருக்க மாட்டான்."

அன்போடு விருந்து வைத்த மனிதர். எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் நான் யாழ்ப்பாணத்து நீர்வேலிக்காரன். வாழையும் சைக்கிளும் இருட்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை 'சிராய்ப்பு' என்ற ஒரு சொல்லில் அடக்க விட மாட்டேன்.

இரண்டு ஊரிலும் வேலை ஒன்றுதான். அவர்கள் தார் என்பதை நாங்கள் குலை என்போம். அவர்களுடைய கேரியர் எங்களுக்குக் கரியல். அவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், நாங்கள் சைக்கிள் ஓடுகிறோம். சந்தை கூடமுன் போய்ச் சேர்ந்தால்தான் விலை என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. கரியலில் பலகையை வைத்து, சாக்கு விரித்து, இரண்டு பக்கமும் குலையைத் தொங்கவிட்டுக் கட்டினால் பாரம் முழுவதும் பின்சில்லில் இறங்கும். முன்சில்லு நிலத்தை மட்டாகத்தான் தொடும். சின்ன மேட்டில் ஏறினாலும் தூக்கிக்கொள்ளும். ஹாண்டிலைத் திருப்பினாலும் சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பாது. நீர்வேலியிலிருந்து எங்கள் திருநெல்வேலிச் சந்தைக்கு (பேச்சில் திண்ணைவேலி) போகிறவனுக்கு முதல் ஆபத்து வீதியில் இல்லை, கரியலில் இருக்கிறது.

அடுத்த ஆபத்து ஒழுங்கை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு இரண்டு பக்கமும் வேலி, முடக்குக்கு முடக்கு வளைவு. எதிரே வருகிறவனைக் கண்ணால் காண முடியாது, மணிச் சத்தத்தால்தான் அறியலாம். முடக்கில் மணியடிக்க மறந்தவர்கள் இருவர் முட்டிக்கொண்டால் குலை ஒரு பக்கம், பால் போத்தல் ஒரு பக்கம். சோளகம் வீசுகிற மாதங்களில் பனைகளிலிருந்து காவோலை விழும். இருட்டில் அது வீதியோடு வீதியாகக் கிடக்கும். மட்டையின் கருக்கு வாளின் பல்லைப் போன்றது. ரயரையும் கிழிக்கும், கணைக்காலையும் கிழிக்கும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம். அதில் சில்லு ஏறினால் பிறேக் பிடிக்கவும் நேரமிராது. இதற்கெல்லாம் மேலே கட்டாக்காலி மாடுகள். பகல் சூடு தாரில் தங்கியிருக்குமல்லவா, அதற்காக இரவில் நடுவீதியில் வந்து படுக்கும். கறுப்பு மாடு படுத்திருந்தால் அதன் மேல் போய் ஏறின பிறகுதான் தெரியும்.

வெளிச்சம் இல்லையா என்று கேட்பீர்கள். டைனமோ இருந்தது. 6 வோல்ற்று, 3 வாற்று. சில்லு சுற்றினால்தான் அது எரியும். வேகமாக மிதிக்கையில் பளிச்சென்று எரியும். முன்னால் ஏதோ கிடக்கிறதென்று பிறேக்கை அழுத்தியதும் மங்கிவிடும். எந்த நொடியில் வெளிச்சம் வேண்டுமோ அந்த நொடியில் அது இராது. மாரியில் ரயர் நனைந்தால் டைனமோவின் தலை வழுக்கும். பிறேக் கட்டையும் நனைந்த இரும்பு றிம்மைப் பிடிக்காது.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு அந்த வெளிச்சத்துக்கும் பயம் வந்தது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் சைக்கிளை நிமிர்த்தி வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. வீதியில் விமானச் சத்தம் கேட்டால் டைனமோவை ரயரிலிருந்து தட்டிவிட்டு, இருட்டிலேயே மிதிப்போம். அப்போது விழுந்தவர்களுக்கு ஒட்டுவதற்கு நல்ல ரியூப்பும் கிடைக்காது. பிறகு ஊரடங்கு. ஆண்டுக்கணக்காக விடியமுன் வீதியில் இறங்கவே முடியாதிருந்தது. 1996 மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்கு வந்தோம். அந்தப் பத்தாண்டில், ஊரடங்கு இல்லாத காலங்களில், காலை ஆறு மணி ரியூசனுக்குப் போன பிள்ளைகள் முந்தியதைவிடக் கூடிய இருட்டில் போனார்கள். பெண்பிள்ளைகளும் அப்படியே, செயினில் சட்டை மாட்டி விழுந்து, எண்ணெய்க் கறையோடு வகுப்பில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் அறிவொளி இயக்கத்தால் சைக்கிள் பழகியதையும், 2001 அளவில் அரசு மாணவிகளுக்கு இலவச மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியதையும் வாசித்து மகிழ்ந்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. தாயின் பழைய சைக்கிளில் தாங்களாகவே ஓடினார்கள்.

திருவையாற்று வீதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஆறே ஓடாத ஊரிலிருந்து போன எனக்கு அதுவே பெரிய காட்சி. தைப் பனி ஆற்றின் மேல் தடிப்பாக நிற்கும். பாலத்தில் எதிரே லொறி வந்தால் சைக்கிளுக்கு ஒதுங்க இடமில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கும் இராது. வீட்டுக்காரர் இதைத்தான் மனதில் வைத்துப் பேசியிருப்பார். லொறியின் எடையை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடைக் காலத்தில் எங்கள் பக்கத்து வல்லைவெளியைக் குலையோடு தாண்டிப் பார்த்தால், காற்றுக்கும் எடை உண்டென்று அவரும் ஒத்துக்கொள்வார். மரமில்லாத வெளி. பக்கத்துக் காற்று சைக்கிளையும் ஆளையும் சேர்த்து வீதியிலிருந்து தள்ளிவிடும்.

அங்கே எனக்கு மெய்யாகவே பிடித்தது தேநீர்க்கடை. நாலு மணிக்கே அடுப்பு எரிகிறது. அந்தத் தோட்டத்து ஆளைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குலைகளைப் பத்திரமாக எடுத்து வைத்தவர்கள் கடையில் நின்றவர்களே. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்குத் திறந்த கடை அரிது. ஆனாலும் விழுந்த சத்தம் கேட்டால் வேலிக்குள்ளிருந்து "ஆரது?" என்ற குரல் வரும், விளக்கும் வரும். விழுந்தவனை இன்னாருடைய மகன் என்று பேர் சொல்லித் தூக்குவார்கள். அந்தப் பேர் சொல்லுதலை நான் அங்கே காணவில்லை. வந்து போகிறவனுக்கு அது தெரிந்திருக்க வழியுமில்லை.

இப்போது எங்கள் குலைகளும் சின்ன லொறியில் போகத் தொடங்கிவிட்டன. இங்கே அதைப் பட்டா என்கிறோம், திருவையாற்றில் அதே வண்டி குட்டியானை. போர் முடிந்த பிறகு போட்ட காப்பெற் வீதிகளில் மோட்டார் சைக்கிளும் மணல் டிப்பரும் விடியமுன் பறக்கின்றன. இன்னும் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். காப்பெற்றின் விளிம்பு பக்கத்து மண்ணைவிடப் பல அங்குலம் உயரம். டிப்பரின் கோர்ன் கேட்டு ஒதுங்கினால் முன்சில்லு அந்த விளிம்பால் இறங்கும். திரும்ப ஏற முயன்றால் சைக்கிள் வழுக்கி வீதிக்குள்ளேயே விழும். திருவையாற்று ஆள் விழுந்த இடத்தையும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இதே விளிம்புதான். விளிம்போரம் கிறவல் கொட்டி நிரவுவது பெரிய வேலையல்ல. நீர்வேலிக்கும் கோப்பாய்க்கும் இடையில் வருகிற மாரிக்கு முன் அதைச் செய்யச் சொல்லி, சைக்கிளில் சந்தைக்குப் போகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.