உப்புக்காற்றும் ஓலைச்சுவடியும்

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் வாலிநோக்கத்தில் இரும்பு நிலைப்பதில்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள். உப்புக்காற்றில் கதவுக் கொண்டியானாலும் சைக்கிள் செயினானாலும் சீக்கிரமே துருவேறிவிடும். அதே மண்ணில், சாயல்குடிப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் பனை நிற்கிறது. அந்தக் காற்றையும் இந்தப் பனையையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய பனையோலைச் சுவடிக்கட்டு ஒன்றைக் கையில் எடுத்தால், அதைச் செய்தவர்களின் கைத்திறன் நன்றாகவே விளங்கும்.

முதலில் கட்டைப் பாருங்கள். ஏட்டில் இரண்டு துளைகள். ஒன்றில் கயிறு; மற்றதில் ஏடுகள் இடம்மாறாமல் நிறுத்தும் நாராசம். அது செப்புக் கம்பியாக இருக்கும், இல்லையென்றால் மூங்கில் குச்சி. கடற்காற்றில் இரும்பாணி போட்டிருந்தால் துரு ஓலையையே தின்றிருக்கும். கயிற்றின் நுனியில் ஓலைத்துண்டில் செய்த கிளிமூக்கு, சுற்றிய கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் மரச்சட்டம். இறுக்கிக் கட்டிவிட்டால் ஓலை நெளியாது. தூசியும் ஈரமும் எளிதில் உள்ளே போகாது. பாதுகாப்பு என்பது சுவடி செய்தபிறகு யோசித்த காரியமல்ல, செய்யும்போதே அதில் இருந்திருக்கிறது. நான் மிகவும் ரசிப்பது இதைத்தான்.

ஓலையும் அப்படித்தான். ரொம்ப இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். எழுத்தாணி கீறிய எழுத்து ஓலையில் பள்ளமாக நிற்கிறது. விளக்குக்கரி மையைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். கரி வெளுக்காது. நூறு வருடம் கழித்து மை உதிர்ந்து போனாலும் திரும்பத் தடவிக்கொள்ளலாம், எழுத்து எழுந்து வரும். காகிதத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

பகை என்று பார்த்தால் முதலில் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பூக்கும். கடலோரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: உப்பு சுமார் 75 விழுக்காட்டில் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஓலைமேல் உப்புத்தூசி படிந்திருந்தால் ஈரம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் இங்கே தூசி தட்டுவதே பாதி வைத்தியம். ஐப்பசி மழை பிடிக்கும் முன் சரசுவதி பூசைக்குச் சுவடிகளை இறக்கித் துடைத்து வைத்த வழக்கத்தை, பருவம் அறிந்த பராமரிப்பாகவே நான் பார்க்கிறேன்.

அடுத்த பகை பூச்சி. காஸ்ட்ராலஸ் இண்டிகஸ் என்ற சின்னஞ்சிறு வண்டின் புழு, கட்டுக்குள் ஏடு ஏடாகத் துளைத்துக்கொண்டே போகும். ஒவ்வோர் ஏட்டிலும் ஓரிரு எழுத்துத்தான் போயிருக்கும். ஆனால் பாட்டின் சீர் உடைந்து, பதிப்பாசிரியர் வேறு பிரதி தேடி ஊர் ஊராக அலைய வேண்டிவரும்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) ஆசையாக வளர்த்தது. 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே பூச்சியை விரட்ட வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சாகச் சுவடிகளுக்கு இடையே வைக்கும் முறை உண்டு. வறண்டு முறியப் பார்க்கும் ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். பஞ்சில் தொட்டு ஒரே திசையில் மெல்ல இழுக்க வேண்டும். விறைத்துக் கிடந்த ஓலை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. அளவு மீறினால் ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், தூசியை இழுக்கும். எவ்வளவு போதும் என்பது விரலுக்குத் தெரிந்த கணக்கு.

ஏசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். பகலில் ஓடவிட்டு மாலையில் நிறுத்தும் ஏசியால் குளிர்ந்த அறைக்குள் இரவில் ஈரக்காற்று புகுந்து ஓலைமேல் வேர்க்கும். தினமும் இப்படி ஏறி இறங்குவதைவிட, காற்றோட்டமுள்ள அறையில் ஓரளவு சீரான வெப்பமே மேல்.

ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ சுவடி இருந்தால் பாலித்தீன் பையில் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றுங்கள். தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம், கரையான் அந்த வழியாகத்தான் ஏறும்.