எபிரேய வேதத்துக் கழிவிரக்கம்

திருப்பனந்தாளிலே தாடகையின் பொருட்டுச் சாய்ந்தருளிய சிவலிங்கப்பெருமானை நிமிர்த்தல் வேண்டி, அரசன் யானைகளையும் சேனையையும் ஏவி ஈர்ப்பித்தும் பயன்பெறாது வருந்தினான் என்பதும், குங்குலியக்கலய நாயனார் தம் கழுத்திலே கயிற்றைப் பூண்டு இழுத்தவளவில் பெருமான் நேர்நின்றருளினார் என்பதும் சைவர் யாவரும் அறிந்தனவே. இறைவனை எய்துவது ஆரவாரமன்று, தன்னையே பிணித்துக்கொள்ளும் அன்பே என்பது இவ்வரலாற்றின் கருத்து. இக்கருத்துப் பிற சமய நூல்களினும் உண்டோ என ஆராயப் புகுவார்க்கு, யூதர்தம் எபிரேய வேதம் முதற்கண் நோக்கத்தக்கது. கிறிஸ்தவர் அதனைப் பழைய ஏற்பாடு என்பர்.

அந்நூல் காவிரி நாட்டிற்குப் புதியதன்று. தரங்கம்பாடியிலே சீகன்பால்கு தொடங்கிய தமிழாக்கம், அவர் 1719-இல் இறந்தபின் சூல்ச்சு பாதிரியாரால் தொடரப்பெற்று 1728-இல் அச்சில் நிறைவெய்தியது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுகநாவலர் துணைநின்ற மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. நாவலர் 1854-இல் இயற்றிய சைவதூஷண பரிகாரத்திலே, சைவர்தம் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமாருக்கு அவர் வேதத்தையே சான்றாக்கி, எருசலேம் ஆலயத்திலும் கிரியை வழிபாடு விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டினார். அவ்விடை வலியது, அக்காலத்திற்கு இன்றியமையாததுமாம். ஆயினும் அஃது எபிரேய வேதத்தின் ஒரு பாதியையே காட்டுவது. கிரியையை விதித்த அந்நூலே, உள்ளம் திரும்பாதார் செய்யும் கிரியையை வன்மையாகக் கடிகின்றது. ஏழையை ஒடுக்கிக்கொண்டு நோற்கும் உபவாசம் உபவாசமன்று என்பது ஏசாயா நூலின் துணிபு. அம்மற்றைப் பாதியை ஆராயாது விடுதல் சைவர்க்கு இழப்பாம்.

தமிழ் விவிலியத்தார் இதற்கு வழங்கும் சொல் மனந்திரும்புதல் என்பது. எபிரேயத்தில் ‘ஷூவ்’ என்னும் வினையிலே மனம் என்னும் பொருள் இல்லை. வழி தவறியவன் வந்த வழியே மீண்டு நடத்தலையே அது குறிக்கும். மனமாற்றம் என்னும் பொருள் கிரேக்கச் சொல்லுக்கே உரியது. ஆதலின் எபிரேயர் கருத்தில் கழிவிரக்கம் வெறும் மனவருத்தமன்று, நடையின் மாற்றம். நினிவே நகரத்தார் இரட்டுடுத்து உபவாசமிருந்த வரலாற்றிலே, அவர்தம் இரட்டையும் உபவாசத்தையும் கடவுள் கண்டார் என்னாது, அவர்தம் செயலைக் கண்டார் என்றே யோனா நூல் கூறுதலைப் பிற்காலத்து யூத ஆசிரியர் மிஷ்னாவில் சுட்டியுள்ளனர்.

தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் என்பார் அவன்முன் சென்று, பல ஆடுகளையுடைய செல்வன் ஒருவன் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொன்னார். அரசன் வெகுண்டு, அவன் சாவதற்கு உரியன் என்றான். அவன் நீயே என்றார் நாத்தான். பிறன் குற்றமாக வைத்துத் தீர்ப்பளித்தபின்னரே தாவீது தன் குற்றத்தைக் கண்டான். அவன் பிழை பொறுக்கப்பட்டது. எனினும் அவன் மகவு இறந்தது. சங்கிலியாருக்குக் கூறிய சூளுறவைக் கடந்து திருவொற்றியூரை நீங்கிய சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்து, காஞ்சியிலே இடக்கண்ணும் திருவாரூரிலே வலக்கண்ணும் பெற்ற வரலாறு ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. தம்பிரான் தோழரும் வினைப்பயனை நுகர்ந்தார். இரங்கியவன் அருளுக்கு உரியனாவான்; ஆயினும் நுகர்ச்சி தப்பாது. இவ்வளவில் இரண்டும் ஒக்கும்.

எபிரேயர் அருளின்றித் தம் முயற்சியாலேயே திரும்பலாம் என்பர் எனக் கூறுதல் பிழையாம். புலம்பல் என்னும் நூல் தன் இறுதியிலே, திரும்பச் செய்தலையும் இறைவனிடமே வேண்டி நிற்கின்றது. சைவத்திலே கழிவிரக்கம் இல்லை என்பதும் அவ்வாறே பிழை. சூலைநோயால் மீண்ட திருநாவுக்கரசு நாயனாரின் பதிகங்களும் திருவாசகமும் ஓதினார் அங்ஙனம் கூறார்.

வேற்றுமை பிறிதோரிடத்தது. எபிரேய வேதம் குற்றத்தைப் பெரும்பாலும் செயலிலே காண்கின்றது. சித்தாந்தம் அச்செயலுக்கு வேராகிய ஆணவமலத்திலே காண்கின்றது. வேரை அறிதல் சித்தாந்தத்தின் பெருமை. ஆனால் அப்பெருமையிலே ஓர் இடரும் உண்டு. குற்றத்தை மலத்தின்மேல் ஏற்றிச் செயலை மறந்துவிடுதல் எளிது. அறுவடைக் களத்திலே கூலிநெல்லைக் குறைத்தளந்த ஒருவன், மாலையிலே தன்னை இழிந்தாருள் இழிந்தவன் எனக் கண்ணீர்மல்கப் பாடித் தன் கடன் தீர்ந்ததெனக் கருதல் கூடும். அவனுக்கு மிஷ்னா கூறும் விடை தெளிவானது: பிறனுக்கிழைத்த தீங்கு, அவனை ஆற்றுவித்தாலன்றிப் பாவநிவாரண நாளாலும் நீங்காது. குறைத்த நெல்லை அளந்து கொடுத்தபின்னரே அவன் பாட்டு மெய்யாகும். மைமோனிடீஸ் என்னும் யூத ஆசிரியர் (1138–1204), அதே குற்றத்திற்கு அதே வாய்ப்பு மீண்டும் நேர்ந்தவழி அதனைச் செய்யாதொழிதலே நிறைந்த கழிவிரக்கம் என்றார்.

அருளாளர் தம்மை நொந்து பாடிய திருப்பாட்டுக்களை ஓதுவோர், அச்சொற்களைத் தம் சொல்லாக்குதற்குத் தம் செயல்களை நாடோறும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அஃதின்றி ஓதுதல் யானைகளைப் பூட்டி இழுப்பதையே ஒக்கும். கலயனார் கயிற்றைப் பூண்டது பிறர் கழுத்திலன்று, தம் கழுத்திலேயாம்.