உக்கிராணக்காரரும் பொறுப்பாளரும்: விவிலியத் தமிழில் ஒரு சொல்மாற்றம்

1. முன்னுரை

செல்வம் இறைவனுக்குரியது, மனிதன் அதனைப் பிறர் நலத்திற்காகக் கையாளும் பணியாளனே என்பது கிறித்தவ மரபின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இக்கருத்தைத் தாங்கி நிற்பது புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'ஓய்கொனொமொஸ்' என்னும் சொல்லாகும். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் இச்சொல்லை 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் 'உக்கிராணக்காரன்' என்று பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'வீட்டுப் பொறுப்பாளர்' என்றது. இம்மாற்றத்தால் தமிழ் பெற்றது எது, இழந்தது எது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. சொல்லின் பொருட்கூறுகள்

கிரேக்கச் சொல் 'ஓய்கொஸ்' (வீடு), 'நெமெய்ன்' (பகிர்தல், நிருவகித்தல்) என்னும் இரண்டின் சேர்க்கை. விவிலியச் சூழல்களை நோக்க, அதில் மூன்று பொருட்கூறுகள் தெளிவாகின்றன. முதலாவது, கையிலுள்ள பொருள் மற்றொருவருடையது. இரண்டாவது, அது உரியவர்க்கு உரிய வேளையில் அளந்து கொடுக்கப்பட வேண்டியது. மூன்றாவது, அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். இலத்தீன் வுல்காத்தா ஒரே சொல்லைக் கையாளாமல் லூக்கா 16இல் 'வீலிக்குஸ்' என்றும், லூக்கா 12இல் 'திஸ்பென்சாத்தொர்' என்றும் பெயர்த்தது. பின்னது பகிர்ந்தளித்தலை முதன்மைப்படுத்துவது.

ஈகை, தருமம், ஒப்புரவு ஆகிய தமிழ்ச் சொற்கள் இவ்விடத்திற்குப் பொருந்தாமையின் காரணமும் இங்கே விளங்கும். திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரம் செல்வத்தின் சமூகப் பயனைச் சிறப்பாகப் பேசுகிறது. ஆயினும் அங்குச் செல்வம் முயன்று ஈட்டியவனுடையது, கொடுப்பவன் உடைமையாளன். ஓய்கொனொமொஸ் உடைமையாளன் அல்லன். அவன் கொடுப்பது கொடை அன்று, கடமை.

'உக்கிராணம்' என்பது பண்டகசாலை. கோயில் மடைப்பள்ளிகளிலும் திருமண வீடுகளிலும் அரிசியையும் பருப்பையும் காத்து, சமையலுக்கு அளந்து கொடுத்து, கணக்கு வைப்பவரே உக்கிராணக்காரர். ஆகவே மூன்று கூறுகளும் இச்சொல்லில் உள்ளன. 'பொறுப்பாளர்' என்பதோ எவ்வகைப் பொறுப்பையும் குறிக்கும். மரியாதைப் பன்மையும் எளிமையும் இதன் சிறப்புகள். பிறர் பொருள், அளவை, கணக்கு என்னும் மூன்றும் சொல்லளவில் இதில் இல்லை.

எனினும் ஐக்கியத் திருப்புதலும் சீராக இல்லை. லூக்கா 12:42இல் 'விசாரணைக்காரன்' என்றும், கலாத்தியர் 4:2இல் 'வீட்டு விசாரணைக்காரர்' என்றும் அது பெயர்க்கிறது. இதனால் ஒரே கருத்தின் தொடர்ச்சி வாசகனுக்குப் புலப்படாமற் போகிறது. மறுபுறம், திருவிவிலியம் அதே லூக்கா 12:42இல் 'படியளத்தல்' என்னும் வினையைக் கையாண்டுள்ளமை பாராட்டத்தக்கது. பெயர்ச்சொல் இழந்த கூற்றை வினைச்சொல் மீட்டுத் தருகிறது. படியளப்பவன் என்று இறைவனையே குறிக்கும் தமிழ் வழக்கு, அளப்பவன் வேறு, உடையவன் வேறு என்னும் நுட்பத்தை இவ்விடத்தில் மேலும் கூர்மையாக்குகிறது.

3. கொல்கத்தாச் சான்று

இக்கூறுகள் நடைமுறையில் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்தன என்பதற்குக் கொல்கத்தாவின் வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் அமைந்த செராம்பூர் தக்க சான்று. தமிழ் விவிலிய வரலாற்றோடும் அவ்வூருக்குத் தொடர்புண்டு. ஃபப்ரீசியுசின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் அங்கே அச்சாயிற்று. வில்லியம் கேரி 1801 முதல் கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழியாசிரியராக விளங்கினார். தொடக்கத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த அவர் ஊதியம் 1807இல் 1000 ரூபாயாயிற்று. அவ்வூதியமும், மார்ஷ்மன் இணையர் நடத்திய பள்ளிகளின் வருவாயும், வார்டு பொறுப்பேற்ற அச்சகத்தின் வருவாயும் ஒரே பொது நிதியில் சேர்ந்தன. குடும்பங்கள் சிறு படியே பெற்றன. எஞ்சியது மொழிபெயர்ப்புக்கும் அச்சுக்கும் பள்ளிகளுக்கும் சென்றது. 1805இல் அவர்கள் ஏற்ற உடன்படிக்கை, தம்முடையது என எதனையும் கருதாமையை நெறியாக வகுத்தது. ஆண்டுக்கு மும்முறை அது வாசிக்கப்படவேண்டும் என்றும் விதித்தது.

ஆயின் மூன்றாம் கூறு சிக்கலாயிற்று. நிலமும் கட்டடங்களும் யாருடைய ஆளுகைக்கு உட்பட்டவை, யாரிடம் கணக்கு ஒப்புவிப்பது என்னும் வினாக்களில் இலண்டனிலிருந்த பாப்திஸ்து மிஷன் சங்கத்துடன் பிணக்கு முற்றியது. 1827இல் செராம்பூர் பிரிந்தது. கேரி 1834இல் மறைந்தபின் 1837இல்தான் மீண்டும் இணைந்தது. தந்நலமின்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டிருந்தும் கணக்கு பற்றிய வினா எழவே செய்தது. 'பொறுப்பாளர்' என்னும் சொல் உணர்த்தத் தவறுவது இதனையே.

4. பிறனும் அடுத்திருப்பவரும்

அளப்பது யாருக்கு என்னும் வினாவிற்கு விடை தரும் சொல்லிலும் இத்தகைய மாற்றம் உண்டு. ஐக்கியத் திருப்புதலின் 'பிறன்' திருவிவிலியத்தில் 'அடுத்திருப்பவர்' ஆயிற்று. 'அருகிலுள்ளவர்' என்னும் கிரேக்கப் பொருளுக்குப் பின்னது நெருக்கமானது. முன்னது தன்னவன் அல்லாதவன் என்னும் தொலைவை உணர்த்துவது. நல்ல சமாரியர் உவமை இவ்விரண்டையும் வேண்டி நிற்கிறது. அன்னை தெரேசா 1952இல் காளிகாட்டில் தொடங்கிய 'நிர்மல் ஹிருதய்' இல்லம் காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதிக் கட்டடத்தில் அமைந்தது. அங்குக் கொண்டுவரப்பட்ட மரணப்படுக்கையினர் இடத்தால் அடுத்திருப்பவர். சமயத்தாலும் நிலையாலும் பெரும்பாலும் பிறர். அவ்வில்லத்தை நடத்திய சபையின் நன்கொடைக் கணக்குகள் பொதுவில் வைக்கப்படவேண்டும் என்று பின்னர் எழுந்த திறனாய்வும் ஓய்கொனொமொஸ் என்னும் சொல்லின் எல்லைக்குள்ளேயே அடங்குவது. அதற்குப் புறம்பானது அன்று.

5. முடிவுரை

சீர்திருத்தத் திருச்சபைகளின் வழக்கில் 'உக்கிராணத்துவம்' என்னும் ஆக்கச்சொல் பெரிதும் காணிக்கை, தசமபாகம் ஆகியவற்றோடு சேர்த்தே வழங்குகிறது. பகிர்தலைக் குறித்த சொல் சேகரித்தலைக் குறிக்கலாயிற்று எனலாம். அண்டைவீட்டாரின் பங்கு அப்பொருட்சுருக்கத்தில் மறைகிறது. பழைய சொல்லை மீண்டும் ஆளுதல் மட்டுமே இதற்குத் தீர்வாகாது. உக்கிராணம் என்பது இன்று பலருக்கு அறிமுகமற்றது. 'பொறுப்பாளர்' நிலைக்கட்டும், ஆனால் படியளத்தல், கணக்கு ஒப்புவித்தல் ஆகிய வினைகள் அதனைச் சூழ்ந்து சீராக வருமாறு மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பெயர்ச்சொல் சுமக்க இயலாத பொருளை வினைச்சொல் சுமக்கக்கூடும் என்பதற்கு லூக்கா 12:42 முன்னரே வழிகாட்டியுள்ளது.