குர்லாக் காதில் ஃபார்முலா பாட்டு

குர்லாவின் அஞ்சல் எண் 400070, தாராவிக்கு 400017. தபால்காரருக்கு மட்டுமே தேவைப்பட்ட இந்த எண்கள் மும்பைக்கு வெளியிலும் இளைஞர்களுக்குத் தெரிய வந்தது ராப் பாட்டால். மேற்குக் குர்லாவைச் சேர்ந்த நவேத் ஷேக், நேஸி என்ற பெயரில், 2014-இல் 'ஆஃபத்' என்ற பாட்டை ஓர் ஐபேடிலேயே பதிவு செய்தார். படமும் அதிலேயே பிடித்து வலையேற்றினார். அவரைப் பற்றி திஷா ரிந்தானி எடுத்த ஆவணப்படத்தின் பெயரே 'பாம்பே 70'. தாராவியின் எம்.சி. அல்தாஃப் 'கோட் மும்பை 17' பாடினார். அன்று இதையெல்லாம் புதுசு என்று கொண்டாடிய அதே ரசிகர்களில் பலர், இன்று சந்தும் தகரக்கூரையும் பின்கோடுமாக இன்னொரு வீடியோ வந்தால் பத்து நொடியில் தள்ளிவிடுகிறார்கள். "எல்லாம் ஒரே ஃபார்முலா" என்பது தீர்ப்பு.

ராக் ரசிகர்களிடம் இந்தத் தீர்ப்பு இன்னும் பழையது. அவர்களுக்கு ஒரு நிரந்தரப் பலியாடும் உண்டு: கனடாவின் நிக்கல்பேக் குழு. அவர்களுடைய 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' (2001), 'சம்டே' (2003) இரண்டையும் காதுக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சரணம் தாழ்வதும் பல்லவி வெடிப்பதும் எப்படி ஒரே இடத்தில் நடக்கின்றன என்று யாரோ காட்டினார்கள். உலகம் சிரித்தது. ஆனால் முதல் பாட்டுதான் அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வானொலியில் மிக அதிகமாக ஒலித்தது. சிரித்தவர்களும் கேட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று நான் நம்பவில்லை. பாட்டுகள் ஒன்றுபோல் ஆனதற்கு வேர் வேறிடத்தில்: 1996-இல் அமெரிக்கா தொலைத்தொடர்புச் சட்டத்தை மாற்றி, ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள வழி திறந்தது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200 நிலையங்கள். பாட்டை ஒரே மாதிரி ஆக்கியதில் பாடகரைவிடக் கணக்கெழுதியவருக்குப் பங்கு அதிகம்.

நம் ஊரிலும் இதே கதைதான், வேறு ரூபாய் நோட்டில். திரைப்பாட்டு வேண்டாம் என்று அமைச்சர் கேஸ்கர் 1952-இல் ஆகாசவாணியில் கதவடைத்தார். கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித் பாரதி தொடங்கிச் சமாதானம் ஆனது. 2001-இல் தனியார் பண்பலை வந்தபோது உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறிக்கொண்டே போகும்படி வைத்தார்கள். சொந்தச் செய்தி வாசிக்கவும் கூடாது. இந்தச் சுமையோடு எவர் சோதனை செய்வார்? நிச்சயம் ஓடும் படப்பாட்டு மட்டுமே ஓடியது. 2005-இல் கட்டணம் வருவாயில் 4 விழுக்காடு என்று இறங்கிய பிறகும் பழக்கம் இறங்கவில்லை.

மும்பைத் தமிழருக்கு இதில் ஒரு கூடுதல் விநோதம். இங்கே பண்பலை என்றால் முதலில் இந்திதான். தமிழ்ப் பாட்டு செம்பூர்க் கல்யாண மண்டபத்திலும், தாராவிப் பொங்கலிலும், கணபதி ஊர்வலத்தின் பெஞ்சோ பார்ட்டி வாத்தியக் குழுவிலும், கைப்பேசியிலும் வாழ்கிறது. கோடை விடுமுறைக்குக் குர்லா டெர்மினஸில் ரயில் ஏறி (பலகையில் லோக்மான்ய திலக் முனையம், அப்படிச் சொல்லும் தமிழரை நான் பார்த்ததில்லை) ஊர் போய்ச் சேர்ந்தால்தான் தமிழ் எஃப்.எம். அதனால் சென்னை ரசிகரின் "ரேடியோவில் போட்டே கொன்னுட்டாங்க" என்ற அலுப்பு இங்கே குறைவு. பதிலுக்கு வேறொன்று கூடுதல்: ஃபார்முலாவை விரும்பிக் கேட்பது. ரஜினி அறிமுகப் பாட்டென்றால் எஸ்.பி.பி. குரல் வேண்டும். 'அண்ணாமலை' (1992), 'பாட்ஷா', 'முத்து' (இரண்டும் 1995), 'படையப்பா' (1999) என்று அந்தக் கணக்கு உறுதிப்பட்டது. இசையமைப்பாளர் தேவாவா ரகுமானா என்பதுகூட இரண்டாம் பேச்சு. 'கபாலி'யில் (2016) அந்தக் குரல் இல்லாதபோது ஏமாந்தவர்கள் பலர். ஹாரிஸ் ஜெயராஜ் அரைத்த மாவையே அரைக்கிறார் என்று கிண்டல் செய்யும் அதே வாய்தான் இது.

மாட்டுங்கா சங்கீத ரசிகர்கள் இந்தப் பஞ்சாயத்தில் தங்களுக்கு இடமில்லை என்று நினைப்பார்கள். இருக்கிறது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கிருதிகள், நடுவில் பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்ற இன்றைய கச்சேரிப் பத்ததியைச் செம்மைப்படுத்திய பெருமை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருடையது. சண்முகானந்தா சபையில் இந்த வரிசையை ஒரு பாடகர் கலைத்துப் போட்டால் முதலில் முணுமுணுப்பு எழும். அங்கே ஃபார்முலாவின் பெயர் மரபு.

மும்பை ராக் மேடையிலும் இதே பாடம்தான். 1986-இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழாவுக்கு தோபி தலாவின் ரங் பவன் நெடுநாள் தாய்வீடாக இருந்தது. அங்கே கூட்டம் கேட்டது வெள்ளைக்காரக் குழுக்களின் பாட்டை, அச்சு அசலாக. சொந்தப் பாட்டு போட்டால் கூச்சல். ராக் மெஷின் குழு 1988-இல் சொந்தப் பாட்டுகளோடு இசைத்தட்டு போட்டதும், 1993-இல் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டதும் தன் ரசிகரோடு மல்லுக்கட்டித்தான். ரசிகர் எப்போதும் புதுமையின் பக்கம் என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

மறுபடி கல்லிக்கு, அதாவது மும்பைச் சந்துக்கு, வருவோம். 2015-இல் ராப் பாடகர் டிவைனும் நேஸியும் சேர்ந்து 'மேரே கல்லி மே' பாடினார்கள். சோனி மியூசிக் வெளியிட்டது. 2019 பிப்ரவரியில் ஸோயா அக்தரின் 'கல்லி பாய்' வந்தபோது அதே பாட்டு மறுபடி செய்யப்பட்டது, ரன்வீர் சிங்கின் குரலும் சேர்ந்து. மெட்டும் வரியும் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் இரண்டையும் கேட்டவர்கள் கட்சி பிரிந்தார்கள். பழையது 'அசல்', புதியது 'ஃபார்முலா'. இசையில் தேடினால் இந்த வித்தியாசம் முழுசாக அகப்படாது. முதல் பாட்டில் பாடுகிறவனும் தெருவும் ஒரே முகவரி. இரண்டாவதில் ஒரு நட்சத்திரம் அந்த முகவரிக்கு வாடகைக்கு வந்திருக்கிறார். 'ஃபார்முலா' என்று ரசிகர் திட்டும்போது பாதி நேரம் இந்த வாடகையைத்தான் திட்டுகிறார் என்பது என் கணிப்பு. குர்லாவில் சத்தம் அதிகமாகக் கேட்பதும் அதனால்தான். வாடகைக்குப் போனது அவர்கள் வீடு.

'கல்லி பாய்'க்கு எட்டு மாதம் முன்பே, 2018 ஜூனில், பா. ரஞ்சித்தின் ரஜினி படம் 'காலா' வந்துவிட்டது. அது இந்தப் பேச்சில் போதிய இடம் பெறாதது எனக்கு வருத்தம். தாராவி ராப் குழுவான டோப்படெலிக்ஸ் சந்தோஷ் நாராயணன் இசையில் 'தெருவிளக்கு' பாடியது, 'செம்ம வெயிட்டு'வில் ராப் சொன்னது. ரஜினி அறிமுகத்தில் எஸ்.பி.பி. நின்ற இடத்தில் தாராவிப் பையன்கள் நின்றார்கள். படத்துக்கான தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட் என்றாலும், குரல் உள்ளூர்க்குரல். சென்னையில் இதை "பாட்டே நிக்கல" என்றார்கள். தாராவியில் இது சொந்தக்காரப் பையன் திரையில் வந்த சேதி. ஒரே பாட்டு, ஃபார்முலாவை உடைத்ததால் ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்குப் பெருமை. அடுத்த ஆண்டே 'பேட்ட'யில் எஸ்.பி.பி. திரும்பினார், திரையரங்குகளில் விசில்.

இப்போதைய சண்டை மொழியைப் பற்றியது. தாராவியின் செவன் பன்டாய்ஸ் போன்ற குழுக்களில் ஒரே பாட்டுக்குள் இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் வருகின்றன. அந்தத் தமிழ் வரிகள் வந்தவுடன் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கத்துகிறார்கள். வாசனைக்குத் தூவிய கறிவேப்பிலையா அது, இல்லை அவர்கள் பேசுகிற பேச்சேதானா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். நான் இரண்டாம் கட்சி. நான்கு வரியோடு நிற்காமல், முழுப் பாட்டையும் தமிழில் சொல்லி அதை மும்பைப் பண்பலையில் ஓடவைக்கும் ஒருவர் வரட்டும்; அதன் பிறகு அதையும் ஃபார்முலா என்று அலுத்துக்கொள்ளலாம்.