முற்றத்திலிருந்து பார்த்த தெரு

நம் முஸ்லிம் தெருக்களைக் களமாகக் கொண்ட நாவல்களுள் தெருவை வாசலில் நின்று பார்த்தவையே மிகுதி. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) அவற்றுள் தலையாயது. ஊர் முதலாளியின் அதிகாரமும் அதற்கு அஞ்சிய மக்களும் அதில் உயிர்பெற்று நிற்கின்றனர். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) தெருவை அடுக்களையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் பார்க்கிறது. பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் வளர்ந்த ஆசிரியைக்கு அந்த இடம் புதிதன்று.

சமுதாயத்தின் குறைகளைச் சந்திக்கு இழுத்துவிட்டார் என்று இந்நூலைக் கடிவோர் உண்டு. நாமோ இதில் குறையைக் காட்டிலும் உறவையே முதலில் காண்கிறோம். சிறுமி ராபியாவுக்கு ஒரு வீடு மட்டும் வீடன்று. பெரியம்மா வீடும் அண்டை வீடும் அவளுக்கு வீடுகளே. மரணம் நேர்ந்தாலும் மணம் நிகழ்ந்தாலும் பெண்கள் அழைப்பை எதிர்பாராமல் வந்து கூடுகின்றனர். ஆயினும் துயரில் தோள் கொடுக்கும் அதே அண்டை வீட்டாரே, ஒரு பெண் மாடியில் சற்று அதிகநேரம் நின்றாலும் கணக்கெடுக்கின்றனர். அணைக்கும் கையும் சுட்டும் விரலும் ஒன்றே என்பதை உரக்கக் கூவாமல் உணர்த்தியிருப்பதே இந்நாவலின் வலிமை.

இவ்வுண்மை உச்சம் பெறுவது பிர்தவ்ஸின் முடிவில். மணவாழ்வு முறிந்து தாய்வீடு திரும்பிய அவள், அண்டை வீட்டு ஆடவனுடன் உறவு கொள்கிறாள். செய்தி வெளிப்பட்டதும் பெற்ற தாயே நஞ்சை நீட்டுகிறாள். அவள் செயலுக்கு நாம் பரிந்துபேச வரவில்லை. ஆனால் பெண்மகவை உயிருடன் புதைக்கும் கொடுமையை ஒழித்த மார்க்கம் நம்முடையது. மணமுறிவு பெற்றவள் இத்தாவுக்குப்பின் மறுமணம் புரிய வழிவகுத்ததும் அதுவே. அத்தாயின் கையில் நஞ்சைக் கொடுத்தது மார்க்கமன்று. நாளை தெரு என்ன பேசும் என்ற அச்சம். அவளைக் கொடியவளாக்காமல், அச்சத்தில் உறைந்த ஒரு தாயாகவே ஆசிரியை படைத்திருப்பதால் அக்காட்சி நம்மை விட்டு அகல மறுக்கிறது.

குறைகளும் இல்லாமலில்லை. உறவுமுறைகளின் பின்னலில் வாசகர் வழிதவறுகின்றார். பெண்களின் உரையாடல்கள் சில இடங்களில் கூறியது கூறலாகின்றன. ஆண்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து கட்டளையிட்டுச் செல்வோராகவே நின்றுவிடுகின்றனர். அவர்களும் இதே தெருவின் அச்சத்தில் வாழ்பவரல்லரோ? அவர்கள் நெஞ்சமும் திறந்திருப்பின் நாவல் மேலும் நிறைவுற்றிருக்கும்.

எனினும் இந்நூலைப் புறந்தள்ளுவது கண்ணாடியைப் பழிப்பதற்கு ஒப்பாகும். அண்டை வீட்டார் உரிமையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அண்டை வீட்டுப் பெண்ணின் அவலத்தைக் கேட்டறிவதற்கு முன்பே தீர்ப்பெழுதிவிடும் நம் நாவுகளைப் பற்றி யார் பேசுவது? சல்மா பேசியிருக்கிறார். செவிகொடுப்பது நம் கடன்.