பந்தயச் சதுரங்கம் திறமைக்கு உரைகல்லா?

நியூயார்க் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தென்மேற்கு மூலையில் சதுரங்க மேசைகள் வரிசையாக இருக்கின்றன. காய்களை அடுக்கி, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே சிலர் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர் வருகிறவரை ஒரு ஆட்டம் போடலாம் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். வழக்கமான பந்தயம் ஐந்து டாலர். ஹஸ்லர்கள் என்று அழைக்கப்படும் இவர்களுக்கு எதிரே உட்காருகிறவர், தமக்கும் சதுரங்கம் ஓரளவு கைவரும் என்று நம்புகிறவராகவே பெரும்பாலும் இருப்பார். அந்த நம்பிக்கையைச் சோதித்துக்கொள்ள அந்த மேசை ஏற்ற இடமா?

காசு வைத்து ஆடுவது சதுரங்கத்துக்குப் புதிதல்ல. பாரிஸின் கஃபே டி லா ரெஜான்ஸ், லண்டனின் சிம்ப்சன்ஸ் போன்ற காபிக் கடைகளில் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பெரிய ஆட்டக்காரர்கள் பந்தயத்துக்கு ஆடினார்கள். பின்னாளில் உலக சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் வியன்னாவில் மாணவராக இருந்தபோது இப்படித்தான் செலவுக்குச் சம்பாதித்தார். அவரிடமிருந்து 1894இல் பட்டத்தைப் பறித்த இமானுவேல் லாஸ்கரும் பெர்லின் காபிக் கடைகளில் சில்லறைப் பந்தயம் ஆடியவர். திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், கையில் காசில்லாத இளமைக் காலத்தில் இதே வாஷிங்டன் சதுக்கத்தில் ஆடி வருமானம் பார்த்தார்.

இந்த வழக்கத்தின் முதல் நன்மை, அது ஆட்டத்துக்குத் தரும் கனம். இழக்க ஏதோ ஒன்று இருக்கும்போது கை பரபரக்காது. ஒவ்வொரு நகர்வையும் மனம் இரண்டு தரம் பார்க்கும். இரண்டாவது நன்மை, அந்த மேசை யாரையும் விலக்குவதில்லை. கழகச் சந்தா வேண்டாம், அறிமுகக் கடிதம் வேண்டாம். வேலையிழந்தவரும் பேராசிரியரும் ஒரே பலகைக்கு இருபுறமும் உட்கார முடியும்.

மூன்றாவது நன்மை பயிற்சி. அமெரிக்க ஆட்டக்காரர் ஜோஷ் வெய்ட்ஸ்கின் ஆறு வயதில் சதுரங்கத்தில் விழுந்தது இந்தப் பூங்காவில்தான். முறையான பாடத்தைப் பின்னர் பயிற்சியாளர் புரூஸ் பாண்டோல்ஃபினியிடம் கற்றாலும், பேச்சும் சத்தமும் சீண்டலும் சூழ்ந்த இடத்தில் மனம் கலையாமல் ஆடும் துணிவைப் பூங்கா கொடுத்தது. அவருடைய சிறுவயதை ஒட்டி 1993இல் வெளிவந்த திரைப்படம் அந்த மேசைகளை உலகம் முழுவதும் அறியச் செய்தது.

குறைகள் இவற்றைவிடக் கனமானவை.

தன் பலத்தைத் துல்லியமாக அறிய சதுரங்கம் தரும் வசதியை வேறு விளையாட்டுகள் தருவது அரிது. ஆர்பட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கின்படி 100 புள்ளி கூடுதலாக உள்ளவர் சராசரியாக 64 சதவீதமும், 200 கூடுதலாக உள்ளவர் 76 சதவீதமும், 400 கூடுதலாக உள்ளவர் 91 சதவீதமும் மதிப்பெண் எடுப்பார். இவ்வளவு தெளிவான அளவுகோல் கையில் இருந்தும் ஆட்டக்காரர்கள் தங்களைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் சாப்ரிஸ், டேனியல் சைமன்ஸ் உள்ளிட்டோர் 2025இல் வெளியிட்ட ஆய்வில் 22 நாடுகளைச் சேர்ந்த 3,388 போட்டி ஆட்டக்காரர்கள் பங்கேற்றனர். தங்கள் உண்மையான பலம் தரப்புள்ளி காட்டுவதைவிடச் சராசரியாக 89 புள்ளி அதிகம் என்று அவர்கள் கருதினார்கள். அப்படி மிகையாக நம்பியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் ஓராண்டு கழித்துத் தாம் சொன்ன மட்டத்தை எட்டியிருந்தார்.

தரப்புள்ளி கண்முன்னே இருக்கும்போதே இந்த நிலை. பூங்காவில் எதிராளியின் புள்ளி தெரியாது. அவர் சொன்னாலும் நம்ப வழியில்லை. அமெரிக்க சாம்பியன் பட்டத்தைக் கூட்டாக வென்ற கிராண்ட்மாஸ்டர் ரோமன் ஜிஞ்சிகாஷ்விலியே அங்கே பந்தயம் ஆடியிருக்கிறார். தன்னைவிட 200 புள்ளி அதிகமுள்ளவரிடம் ஐந்து டாலர் வீதம் பத்து ஆட்டம் ஆடுகிறவர் எதிர்பார்க்க வேண்டியது 26 டாலர் நட்டம். புதிதாகக் கற்றவர் ஓரிரு ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார். தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிராளியின் பலம் சில நகர்வுகளிலேயே புரிந்துவிடும். கழக அளவில் நன்றாக ஆடும் இடைநிலைக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு தோல்வியும் அவருக்கு மயிரிழையில் தவறிய வெற்றியாகவே தெரிகிறது. ஹஸ்லரின் வருமானம் பெரும்பாலும் இவர் பையிலிருந்துதான் வருகிறது.

ஐந்து நிமிட ஆட்டம் அளப்பதும் வேறு ஒன்றை. நிதானமாக யோசித்து ஆடிப் பழகியவரின் ஆழம் அங்கே பாதிதான் பயன்படும். கடிகாரத்தை அடிக்கும் வேகம், மனப்பாடமான தொடக்கப் பொறிகள், விடாத பேச்சு ஆகியவற்றில் தினமும் அந்த மேசையில் உட்காருகிறவருக்கே கை ஓங்கியிருக்கும். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றுப் பந்தயத்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. நடுவர் இல்லாத இடத்தில் தகராறை யார் தீர்ப்பது?

பழைய காபிக் கடைகள் இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு மாற்று வைத்திருந்தன. பலசாலி ஒரு சிப்பாயையோ குதிரையையோ, சில வேளை ராணியையோகூட முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடுவார். வித்தியாசத்தை இருவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பிறகே காசு மேசைக்கு வந்தது. பூங்காப் பந்தயம் இழந்துவிட்ட நேர்மை இதுதான்.

இதையே பிழைப்பாக நம்பியவர்களின் கதையும் கசப்பானது. பாரிஸில் கட்டணத்துக்கு ஆடியும் கற்பித்தும் வாழ்ந்த லயனல் கீசெரிட்ஸ்கி, 1851இல் சக ஆட்டக்காரர் ஆண்டர்சனிடம் தோற்ற 'அழியா ஆட்ட'த்தால் இன்றும் நினைக்கப்படுகிறார். அவர் 1853இல் ஏழையாகவே இறந்தார். உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸின் முடிவும் 1900இல் வறுமையில்தான்.

காசு இல்லாமலும் ஆட்டத்துக்குக் கனம் கொடுக்கலாம் என்பதற்குச் சென்னையே சாட்சி. சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவர் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் ஆட்டங்கள் ஆடி வளர்ந்தார். வென்றவர் நாற்காலியில் தொடர்வார், தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போவார். நாற்காலியே பந்தயம். அங்கே ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். யார் எந்த மட்டம் என்பதை வாரா வாரம் பலகையே சொன்னது.

ஆகவே அந்நியரோடு காசுக்கு ஆடுவது மனத் துணிவுக்குப் பயிற்சி, ஊரைப் பார்க்க ஒரு நல்ல வழி. திறமைக்கு உரைகல் அல்ல, வருமானத்துக்கு வழியும் அல்ல. ஆசைப்படுகிறவர்கள் இழக்கத் தயாரான தொகையை முதலிலேயே ஒதுக்கி, அதை ஆட்டம் கற்றதற்கான கட்டணமாக நினைத்து, அது தீர்ந்ததும் எழுந்துவிடட்டும். பந்தயத்தை ஏற்றலாமா என்று கேட்டால் மறுத்துவிடட்டும். தன் பலம் என்ன என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர், தரப்புள்ளி வழங்கும் போட்டி ஒன்றில் பெயரைப் பதிவு செய்வதே சரி.